மேலே நான், கீழே தேசப்பன்

ஏப்ரல் 23, புதன்

தொண்ணூற்றேழு கிலோ. ப்ரஷரும் ஏறியிருக்கிறது.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கிற மெடிக்கல்தான். போன தடவை "குறைங்க" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். இந்தத் தடவை டாக்டர் விடவில்லை. ஜூலையில் மறுபடி பார்ப்பாராம். அதற்குள் எடையும் ப்ரஷரும் இறங்கவில்லையென்றால், உயரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை என்று எழுதிவிடுவாராம். இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒன்று ப்ரஷருக்கு. இன்னொன்று உடம்பில் தேங்குகிற தண்ணீரை இறக்க.

இந்த கம்பி மில்லில் சேர்ந்த நாள் முதல் அந்தக் கேபின்தான் என் இடம். நாற்பத்தொன்பது வயசில் கீழே இறங்கி சங்கிலி மாட்டு என்றால்? அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவன் நிலத்தில் குனிந்தே கிடந்தவர். என் மவன் எல்லாரையும் மேலேர்ந்து பாக்குற வேலையில கீறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சார்.

ஸ்டோர்ஸில் இருக்கிற வெங்கடேசனிடம் சொன்னேன். அவன் ஒரே வருஷத்தில் பாதி ஆளாக இளைத்தவன். சோறு, இட்லி, தோசை, சர்க்கரை எல்லாவற்றையும் விட்டுவிடு, முட்டையும் கறியும் காயும் வயிறு நிறையத் தின்னு என்றான். "நம்ம வயசுல ஆரம்பிக்கிறது கஷ்டமில்ல, தொடர்றதுதான் கஷ்டம். தெனமும் எழுது, மனசு தளராது" என்றான். அதனால்தான் இந்த நோட்டு.

ஏப்ரல் 24, வியாழன்

காலை மூன்று முட்டை. மதியம் கோழி, கோஸ் பொரியல். இரவு மறுபடி முட்டை. மனைவி சுகிர்தா தட்டைப் பார்த்துவிட்டு, ஈஸ்டர் முடிஞ்சப்புறம் நோன்பு ஆரம்பிச்ச மொத ஆளு நீங்கதான் என்றாள். பசி.

ஏப்ரல் 29, செவ்வாய்

கேன்டீனில் பொங்கல் வடை. அந்த நெய் வாசனை கேபின் வரைக்கும் ஏறி வருகிற மாதிரி இருந்தது. நாஷ்டா நேரத்தில் தேசப்பன் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடாமல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். "நீ பாத்தா எனக்கு வவுறு வலிக்கும்பா" என்றான்.

தேசப்பனும் நானும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். அவன் கீழே நின்று கம்பிக் கட்டுகளுக்குச் சங்கிலி மாட்டுவான். விசில் ஊதி கை காட்டுவான். தூக்கு, நிறுத்து, இறக்கு. மேலே எனக்கு எந்தச் சத்தமும் சரியாகக் கேட்காது. அவன் கைதான் எனக்குக் கண். அவன் உயிர் என் கையில் இருக்கிறது என்று ரெண்டு பேரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

மே 6, செவ்வாய்

தொண்ணூற்றிரண்டு! ஏணியில் நடுவில் நிற்காமல் ஏறினேன். மூச்சு வாங்கவில்லை. வெங்கடேசன் வாட்ஸ்அப் குரூப்பில் என் எடையைப் போட்டான். யார் யாரோ கைதட்டினார்கள். இந்த வயசில் நமக்கு யார் கைதட்டப் போகிறார்கள்? இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்.

மே 13, செவ்வாய்

கத்திரி வெயில். கீழே சூடான கம்பி, மேலே தகரக் கூரை, நடுவில் நான். மதியம் லாரிக்கு ஏற்றி முடித்துவிட்டு சீட்டிலிருந்து எழுந்தேன். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கேபின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம்தான். கீழே தேசப்பன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கையை ஆட்டினேன்.

வெங்கடேசனிடம் கேட்டேன். உடம்பு சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிக்கப் பழகுகிறது, அப்படித்தான் இருக்கும், கல்லுப்பு போட்டுத் தண்ணீர் குடி என்றான். இதில் பயந்து நடுவில் விட்டவர்கள்தான் நிறையப் பேராம். நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன்.

மே 25, ஞாயிறு

பொன்னேரியில் சுகிர்தாவின் அக்கா மகன் கல்யாண வரவேற்பு. பிரியாணி. இலையில் சோற்றை ஒதுக்கிவிட்டுக் கறியை மட்டும் பொறுக்கித் தின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த மச்சினன், "இன்னா மாமா, சக்கரயா? மூஞ்சி ஒட்டிப் போச்சே" என்றான். எதிரில் யார் வந்தாலும் இதையேதான் கேட்டார்கள். எடை குறைஞ்சா ஜனங்க சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் நோயாளியப் பாக்குற மாதிரி பாக்குறாங்க.

வரும்போது பஸ்ஸில் சுகிர்தா என் மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், "எனக்கு பயமாக்கீதுங்க" என்றாள். எதற்கு என்றேன். தெரியவில்லை என்றாள்.

மே 28, புதன்

கல்யாண மோதிரம் விரலிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. லீவரைத் தள்ளும்போது நழுவி, கேபின் தரையின் இடுக்கு வழியாகக் கீழே போய்விட்டது. தேசப்பன் கம்பிகளுக்கு நடுவில் தவழ்ந்து தேடி எடுத்துக் கொடுத்தான். அவன் உள்ளங்கையெல்லாம் கரி. மோதிரத்தைக் கொடுத்துவிட்டு என் கையை உடனே விடவில்லை. "இன்னாபா, கை இப்டி சில்லுன்னு கீது?" என்றான். இவ்வளவு வெயிலில்.

சுகிர்தாவிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் சகுனம் என்பாள்.

ஜூன் 3, செவ்வாய்

எண்பத்தெட்டு. அதைத்தான் முதலில் எழுத வேண்டும். பேன்ட் இடுப்பைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்தாகிவிட்டது.

இனி மற்றது. இன்று கம்பிக் கட்டை இறக்கும்போது தேசப்பன் 'நிறுத்து' என்று கை காட்டினான். பார்த்தேன். பார்த்தது தெரிகிறது. ஆனால் கை உடனே போகவில்லை. ஏதோ பஞ்சுக்குள் இருக்கிற மாதிரி. கட்டு ஸ்டாண்டில் மோதி ஆடியது. தேசப்பன் பின்னால் குதித்தான். குதிக்கவில்லை என்றால் கால்—

இல்ல. அவன் குதிச்சிட்டான். ஒண்ணும் ஆகல.

சூப்பர்வைசர் மணவாளன் சார் அந்தப் பக்கம் இல்லை.

ஜூன் 4, புதன்

ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் தேசப்பன் எனக்காகக் காத்திருந்தான்.

"உண்மைய சொல்லு. மேல ஒனக்கு மயக்கம் வருதா?"

வெயில் என்றேன். கண்ணில் வேர்வை விழுந்தது என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 12, வியாழன்

பத்து நாளாக முள் நகரவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டும் அதே எண்பத்தெட்டு. முட்டையைப் பார்த்தாலே குமட்டுகிறது. ஒரு பிடி சோறு தயிர் விட்டுப் பிசைந்து தின்றால் என்ன ஆகும்? விட்டுவிடலாமா? எதற்காக இதெல்லாம்?

சுகிர்தா இன்று ஒன்று சொன்னாள். அவள் வேலை செய்கிற கம்பெனியில் ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் இளைத்தபோது டாக்டர் ப்ரஷர் மாத்திரையைக் குறைத்தாராம். உடம்பு இறங்கினால் ப்ரஷரும் இறங்குமாம், பழைய மாத்திரை அதிகமாகிவிடுமாம். "நீங்களும் போய்க் கேளுங்க. சும்மா கேக்குறதுல இன்னா?"

கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார். மயக்கம் வருகிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் எழுதிவிடுவார். மாத்திரையை நானே நிறுத்தினால் மெடிக்கலில் ப்ரஷர் ஏறிக் காட்டும். ரெண்டு பக்கமும் அடி.

ஜூலை வரைக்கும் தாங்கிவிட்டால் போதும்.

ஜூன் 27, வெள்ளி

ஒரு வாரமாக ஒன்றுமில்லை. எல்லாம் சரியாகிவிட்டது.

ஜூன் 28, சனி

நேற்று எழுதியது பொய். எனக்கு நானே எதுக்கு பொய் எழுதுறேன்?

ஜூலை 8, செவ்வாய்

எண்பத்து மூன்று. ப்ரஷர் நார்மல். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து என் கையைக் குலுக்கினார். வெளியே வரிசையில் நிற்கிறவர்களிடம், "இவரைப் பாருங்க, மனசு வெச்சா முடியும்" என்றார்.

அதற்கு முன்னால் கேட்டார். பேனாவை எடுத்துக்கொண்டு, பேப்பரைப் பார்த்தபடி. "தலைசுத்தல், மயக்கம், கண் இருட்டறது ஏதாவது உண்டா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டார். உயரத்தில் வேலை செய்யத் தகுதி உண்டு. அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

வெங்கடேசன் என் பழைய போட்டோவையும் புது போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து குரூப்பில் போட்டான். தேசப்பன் மட்டும் அதைப் பார்க்கவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு, "டாக்டராண்ட சொன்னியா?" என்று கேட்டான். எதை என்று கேட்டேன். எழுந்து போய்விட்டான்.

ஜெயித்த மாதிரியே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. தேசப்பன் குடும்பத்தோடு பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து வீட்டில் கூழ் ஊற்றினான். வருஷா வருஷம் கூப்பிடுவான், நாங்கள் இரண்டு பேரும் போவோம். அவன் மனைவி கன்னியம்மா ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். கூழ் வேண்டாம், சேராது என்றேன். "அம்மனுக்கு ஊத்தினதுண்ணே, ஒரு வாய்" என்றாள். கருவாட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவள் முகம் வாடிவிட்டது. சுகிர்தா என் சொம்பையும் சேர்த்து வாங்கிக் குடித்தாள்.

தேசப்பன் அங்கே இங்கே என்று வேலையாகவே இருந்தான். என்கூட உட்காரவில்லை. இப்போதெல்லாம் மில்லிலும் அப்படித்தான். சங்கிலி மாட்டியதும் தூரமாகப் போய் நின்று கை காட்டுகிறான். அவன் கையைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

யாருக்கும் ஒண்ணும் ஆகல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. நாளைக்கு எழுதுறேன்.

ஜூலை 25, வெள்ளி

நேற்றுக் காலை இரண்டாவது லாரி. கட்டைத் தூக்கி வண்டிக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் சரியாகத் தெரியவில்லை என்று சீட்டிலிருந்து பாதி எழுந்து குனிந்தேன். அதுவரைக்கும்தான் ஞாபகம்.

கண் திறந்தபோது லீவர்மேல் சாய்ந்து கிடந்தேன். விசில் சத்தம். விடாமல் விசில். கிரேன் தண்டவாளத்தின் கடைசிவரை ஓடிப்போய் நின்றிருந்தது. கட்டு அடுக்கில் மோதி, சங்கிலி ஒரு பக்கம் நழுவி, கம்பி மொத்தமும் கொட்டிவிட்டது. எங்கே கொட்டியது என்று பார்த்தேன். லோடுமேன்கள் டீ குடிக்கிற இடம். மரப்பலகை இரண்டு துண்டு. ஒருவனுடைய டிபன் பாக்ஸ் தட்டையாகக் கிடந்தது.

யாரும் இல்லை அங்கே. யாருமே இல்லை. எப்போதும் அந்த நேரத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நேத்து எப்படி இல்லாமப் போனாங்க?

ஏணியில் இறங்கி வந்தேன். கீழே லோடுமேன் ஒருவன் சொன்னான். தேசப்பண்ணன் ஒரு மாசமாவே எங்களை அங்க உட்கார விடறதில்லண்ணே. ஒங்க ஷிப்டுல மட்டும்.

உடைந்த பலகையின் பக்கத்தில் போய் நின்றேன்.

மணவாளன் சார் ஓடி வந்தார். சங்கிலியைப் பார்த்தார். தேசப்பனைப் பார்த்தார். சங்கிலி நழுவியிருக்கிறது, சரியாக மாட்டவில்லை என்று அவரே முடிவு செய்துவிட்டார். விசாரணை முடிகிற வரைக்கும் தேசப்பன் வேலைக்கு வர வேண்டாம் என்றார். தேசப்பன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை. சொல்லவும் இல்லை.

நானும் சொல்லல. நின்னுக்கினே இருந்தேன்.

ஜூலை 26, சனி

சுகிர்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதத்திலிருந்து. அவள் திட்டவில்லை. சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அவரு ஊட்டுக்குப் போங்க. மொதல்ல அங்க போங்க" என்றாள்.

போனேன். கன்னியம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாங்கண்ணே என்று கூப்பிடவில்லை.

தேசப்பன் வாசலில் நின்றபடியே பேசினான்.

"நான் ஒன்னிய காட்டிக் குடுக்கல அந்தோணி. காட்டிக் குடுக்கவும் மாட்டேன். ஆனா ஒன் கீழ நான் நிக்கல. வேற யாரையும் நிக்க உடல."

ஏன் சார்கிட்ட சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீயே சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

கிளம்பும்போது அவன் கேட்டான், ராத்திரி தூங்கினியா என்று. தூங்கவில்லை என்றேன். நானுந்தான் என்றான்.

ஜூலை 28, திங்கள்

மணவாளன் சார் அறையில் போய்ச் சொன்னேன். சங்கிலியில் தப்பில்லை, நான் மயங்கி லீவர்மேல் விழுந்தேன், இது முதல் தடவை இல்லை. மெடிக்கலில் இல்லை என்று சொன்னது பொய்.

அவர் பேனாவை மூடி வைத்தார். என்னைவிடச் சின்னவர், எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். "அஞ்சு பேரு அந்தோணி. அஞ்சு பேரு அங்க உக்காந்திருப்பாங்க" என்றார். எனக்கும் அது தெரியும். நாலு ராத்திரியா அவங்க மூஞ்சிதான்.

தேசப்பனை நாளையே வரச் சொல்லிவிட்டார். என் கேபின் சாவியை மேஜைமேல் வைத்தேன். கேட்காமலே வைத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

திருவள்ளூரில் வேறு டாக்டர். அந்த அம்மா படுக்க வைத்து ப்ரஷர் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். நின்றதும் கிடுகிடுவென்று இறங்குகிறதாம். மாவுச் சத்தை விட்டால் உப்பும் தண்ணீரும் தானாகவே உடம்பை விட்டுப் போகும், அதன்மேல் தண்ணீரை இறக்குகிற மாத்திரை, அதன்மேல் கத்திரி வெயிலில் தகரக் கூரை. எடை குறையக் குறைய மாத்திரையையும் பார்த்துக் குறைத்திருக்க வேண்டும் என்றார். ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார். இன்னொன்று பாதி.

"டயட் தப்பில்ல. சொல்லாம இருந்ததுதான் தப்பு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் உறைத்தது.

மதியம் ஒரு கரண்டி சோறு சேர்த்துக்கொள்ளலாமாம். வீட்டுக்கு வந்து சுகிர்தா போட்டாள். சாப்பிட முடியவில்லை. ருசியே தெரியல.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மயக்கம் இல்லை. இது உண்மை. எண்பத்து மூன்றிலேயே நிற்கிறது, நிற்கட்டும். குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். வெங்கடேசன் வந்து வருத்தப்பட்டான், மாத்திரை விஷயம் தனக்குத் தெரியாது என்றான். தெரியாதுதான். அவனிடமும் நான் முழுசாகச் சொல்லவில்லையே. குரூப்பில் எல்லாரையும் எடையோடு, மாத்திரைக்கு அப்புறம் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் எழுத வைக்கச் சொன்னேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் அதையே சொல்லச் சொன்னேன். சரி என்றான்.

காலையும் இரவும் பழையபடி முட்டை, காய், மீன். விடப்போவதில்லை. ஆனால் முன்பு ஒரு வெறி இருந்தது. இப்போது பல் துலக்குகிற மாதிரி ஒரு வேலை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 10, புதன்

தரையில் வேலை பழகிவிட்டது. சங்கிலி மாட்டக் குனிய முடிகிறது. தொண்ணூற்றேழு கிலோவில் முடிந்திருக்காது. தேசப்பன் கற்றுக்கொடுக்கிறான் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் நிற்கிறான். பேச ஆரம்பித்திருக்கிறான், வேலையைப் பற்றி மட்டும்.

மேலே இப்போது மோகன்ராஜ். முப்பது வயசு, நல்ல கை. வீட்டில் கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஒரு வாரமாக ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துவிட்டுக் காலை ஷிப்டுக்கு நேராக வருகிறான். இன்று கட்டு தூக்கும்போது ஒரு நொடி நின்று தூக்கினான். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

நாஷ்டா நேரத்தில் போய்க் கேட்டேன். ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தான் கீறேன் என்றான். வா, நானும் வரேன், சார்கிட்ட ரெண்டு நாள் லீவு கேக்கலாம் என்றேன். அவன் முகம் மாறியது.

"சீட்டு போன வயித்தெரிச்சலாண்ணே?"

அங்கே இருந்தவர்கள் டீயைக் குனிந்து குடித்தார்கள். ஒருவனும் எனக்காகப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? நானே போய் மணவாளன் சாரிடம் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். இந்த வாரம் லாரி அதிகம், மாற்று ஆள் இல்லை, வெள்ளிக்கிழமை பார்க்கிறேன் என்றார்.

மதியம் மூன்றாவது வண்டிக்குச் சங்கிலி மாட்டினேன். தேசப்பன் விசில் கொடுத்தான். கட்டு தரையை விட்டு எழும்பியது. மேலே கண்ணாடிக்குப் பின்னால் மோகன்ராஜ் முகம் தெரியவில்லை, வெயில் பட்டுப் பளபளத்தது. நான் அண்ணாந்தபடியே நின்றிருந்தேன். தேசப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். ரெண்டு பேரும் சுவரோரமாக ஒதுங்கினோம்.